அப்பப்பாவின் உறுதியை அரித்தது எந்த மை?

மைக்கூடு (வெள்ளவத்தை)

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீட்டு அலுமாரியில் அப்பப்பாவின் கணக்குக் கொப்பிகளும், 1920களிலும் 1930களிலும் எழுதப்பட்ட காணி உறுதிகள் சிலவும் இருக்கின்றன. ஒரு காலத்தில் கறுப்பாக இருந்திருக்க வேண்டிய எழுத்துகள் இப்போது கபில நிறமாகிவிட்டன. அதைவிடக் கவலை தருவது கடதாசியின் நிலை. பேனை அழுத்திச் சென்ற இடங்களில், சிறப்பாக 'ழ', 'ஐ' போன்ற எழுத்துகளின் தடித்த வளைவுகளிலும் கையொப்பங்களுக்குக் கீழே இழுத்த கோடுகளிலும், கடதாசி வெடித்து எழுத்தின் வடிவத்திலேயே துண்டு துண்டாக உதிர்கிறது. தாளின் மறுபக்கத்தில் அதே எழுத்தின் நிழல் கபிலமாகத் தெரிகிறது.

வியப்பு என்னவென்றால், அதே தட்டில் அவருடைய தகப்பனார் காலத்து வைத்திய ஏட்டுக் கட்டு ஒன்றும் இருக்கிறது. அதன் ஓரங்களைப் பூச்சி தின்றிருக்கிறதே தவிர, எழுத்தின் கறுப்பு சற்றும் குன்றவில்லை. ஒரே வீடு, ஒரே கடற்காற்று, ஒரே தட்டு. அப்படியிருக்க, வயதில் இளையது ஏன் முதலில் அழிகிறது? அந்த மையில் என்ன இருந்தது? இனிமேலாவது அழிவைத் தடுக்க வழி உண்டா?

இரசாயன ரீச்சர் (பம்பலப்பிட்டி)

நீங்கள் சொல்லும் அறிகுறிகள் அனைத்தும் இரும்புத் தனின் மைக்கு உரியவை. ஐரோப்பாவில் இடைக்காலம் முதல் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதி வரை எழுத்து என்றாலே பெரும்பாலும் இந்த மைதான். அதில் நான்கு பொருள்கள் உண்டு: தனின் என்ற துவர்ப்புப் பொருள் நிறைந்த ஒரு காய், அன்னபேதி எனப்படும் பெரசு சல்பேற்று, ஒரு பிசின், நீர். அவர்கள் பயன்படுத்திய காய் நமக்கு அந்நியமானதன்று. குழந்தைகளுக்கு நம் வீடுகளில் உரைத்துக் கொடுக்கும் மாசிக்காயே அது. ஓக் மரத்தின் இளங்கொம்பில் ஒருவகைச் சிறு குளவி முட்டையிடும்போது மரம் அந்தப் புழுவைச் சுற்றி வளர்த்துக்கொள்ளும் வீக்கம் அது. சிரியாவின் அலெப்போ நகரத்து வணிகத்தின் வழியாக வந்த மாசிக்காய்க்கே மை செய்வோரிடம் மதிப்பு அதிகம்.

காயை இடித்து நீரில் ஊறவிட்டால் தனின் இறங்கும். அது மெல்ல நீர்ப்பகுப்படைந்து கல்லிக்கமிலத்தைத் தரும். அதனை 1786இல் சுவீடனின் ஷேலே தனியாகப் பிரித்தெடுத்தார். இந்த அமிலத்தின் வளையத்தில் மூன்று ஐதரொட்சில் கூட்டங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. அவை இரும்பு அயனை இறுகப் பற்றிக்கொள்கின்றன. தொடக்கத்தில் உருவாகும் பெரசுச் சிக்கலுக்கு நிறம் மிகக் குறைவு. அது நீரில் கரைந்தும் இருக்கும். அதனால் மை கடதாசியின் நாருக்குள் இறங்குகிறது. பிறகு வளியிலுள்ள ஒட்சிசன் பெரசு இரும்பைப் பெரிக்கு இரும்பாக ஒட்சியேற்றும்போது, நீலக்கறுப்பான, நீரில் கரையாத வீழ்படிவு நாருக்குள்ளேயே பிறக்கிறது. அதாவது எழுத்து கறுப்பது எழுதி முடித்த பின்னர்தான். வாழைப்பொத்தி நறுக்கிய கத்தியை உடனே கழுவாமல் விட்டால் அலகு கறுத்துவிடுவதை எல்லோரும் கண்டிருப்பீர்கள்; அங்கு நடப்பதும் இதே தாக்கமே.

இனித்தான் உங்கள் துயரத்தின் காரணம் வருகிறது. இரும்பைத் தனின் பற்றும்போது ஐதரசன் அயன்கள் விடுபடுகின்றன. அன்னபேதியில் இருந்த சல்பேற்று எங்கும் போகாமல் அங்கேயே இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் சல்பூரிக்கமிலம். அமிலம் கடதாசி நாரின் செலுலோசுச் சங்கிலியை நீர்ப்பகுப்பால் வெட்டுகிறது. இதைவிட நுட்பமான இரண்டாவது அழிவும் உண்டு. தனினுடன் சேராமல் மிஞ்சிய பெரசு இரும்பு ஊக்கியாகத் தொழிற்பட்டு, வளியின் ஒட்சிசனிலிருந்து சுயாதீன மூலிகங்களை உண்டாக்குகிறது. அவையும் அதே சங்கிலியைத் தாக்குகின்றன. ஊக்கி செலவழிவதில்லை என்பதால் இந்த வேலை ஆண்டுக்கணக்கில் நடந்துகொண்டேயிருக்கும். மை தடிப்பாகப் படிந்த வளைவுகள் முதலில் உதிர்வதற்கு இதுவே காரணம்.

18ஆம் நூற்றாண்டில் வில்லியம் லூயிஸ் என்ற ஆங்கிலேயர் பல விகிதங்களில் மை செய்து எழுதிப் பார்த்து, மாசிக்காய் மூன்று பங்குக்கு அன்னபேதி ஒரு பங்கு என்பதே மங்காத மையைத் தருமென்று கண்டார். ஆனால் மாசிக்காய் விலை கூடியது, அன்னபேதி மலிவானது. எந்தப் பொருளை வணிகர்கள் அள்ளிப்போட்டிருப்பார்கள் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

கொட்டாஞ்சேனைத் தம்பி

ரீச்சர், ஒரு ஐயம். இந்த மை கடதாசியைத் தின்னும் என்றால், ஒல்லாந்தர் காலத்துப் பதிவேடுகளான தோம்புகள் 250 ஆண்டுகள் கடந்தும் எப்படி வாசிக்கக்கூடிய நிலையில் இருக்கின்றன? அவர்களும் இதே மையால்தானே எழுதினார்கள்?

தோம்புவாசகன் (நாரஹேன்பிட்டி)

தம்பி கேட்டது சரியான கேள்வி. ரீச்சர் மையைச் சொன்னார். கடதாசியையும் சேர்த்துப் பார்த்தால்தான் விடை கிடைக்கும்.

1656இல் கொழும்பைக் கைப்பற்றியது முதல் 1796இல் ஆங்கிலேயரிடம் இழந்தது வரை, ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி இங்கே எழுதிக் குவித்த ஆவணங்கள் இப்போது கொழும்பு 7இல் உள்ள தேசிய சுவடிக்கூடத்தில் ஆயிரக்கணக்கான தொகுதிகளாக இருக்கின்றன. கம்பனியின் ஆவணங்கள் நெதர்லாந்து, இந்தோனேசியா, தென்னாபிரிக்கா, இந்தியா ஆகிய நாடுகளில் உள்ளவற்றோடு சேர்த்து 2003இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றன. காணித் தோம்பும், பிறப்பு, ஞானஸ்நானம், விவாகம் ஆகியவற்றைக் குறித்த பாடசாலைத் தோம்பும் நம் குடும்பங்களின் வரலாற்றைத் தேடுவோருக்குப் பெருஞ்செல்வம்.

அந்தத் தொகுதிகளின் கடதாசி ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வந்தது. பழைய லினன் துணிக் கந்தலை அடித்துக் கூழாக்கி, கையால் தாளாக எடுத்து, விலங்குத் தோலிலிருந்து எடுத்த செலற்றினில் தோய்த்து உலர்த்தினார்கள். நார்கள் நீளமானவை. நீரிலும் செய்முறையிலும் வந்த கல்சியச் சேர்மங்கள் ஓரளவு அமிலத்தை நடுநிலையாக்கின. செலற்றின் படையும் மையை ஆழமாக இறங்கவிடாமல் தடுத்தது. உங்கள் அப்பப்பா வாங்கிய கொப்பியோ வேறு வகை. 1807இல் ஜெர்மனியில் இல்லிக் என்பவர் படிகாரத்தையும் மரப்பிசினையும் கூழிலேயே கலந்து, மை ஊறிப் பரவாதபடி கடதாசிக்குப் பதம் ஏற்றும் முறையை வெளியிட்டார். 1840களில் மரத்தை அரைத்துக் கூழாக்கும் முறையும் வந்தது. விலை விழுந்தது, உலகமெங்கும் எழுத்தறிவு பெருகியது, அதை நான் குறைசொல்லமாட்டேன். ஆனால் படிகாரம் கடதாசிக்குள்ளேயே அமிலத்தை விதைத்துவிட்டது. ஏற்கெனவே அமிலம் கொண்ட, குட்டை நார்க் கடதாசியின்மேல் அமில மை விழுந்தால் 90 ஆண்டுகளில் நீங்கள் காண்பதுதான் நடக்கும்.

தோம்புகள் எல்லாம் சுகமாக இருக்கின்றன என்றும் எண்ண வேண்டாம். வாசிகசாலை மேசையில் ஒரு தொகுதியை விரித்தால், உடற்பகுதியின் மெல்லிய கையெழுத்து தெளிவாக இருக்கும். அதே பக்கத்தின் தலைப்பில் எழுதுவினைஞர் இறகைச் சாய்த்து அழகுக்காகச் சுழித்த பேரெழுத்து முழுதாக விழுந்து, அடுத்த தாளின் சொற்கள் அந்த ஓட்டைக்குள்ளால் தெரியும். மை உலர்வதற்காக அன்று தூவிய மணலின் சில பரல்கள் தாள்கள் தைத்த இடுக்கில் இன்றும் விரலில் நெருடும். நல்ல கடதாசி அழிவைத் தாமதப்படுத்தியிருக்கிறது, நிறுத்தவில்லை.

பனையோலை (தெஹிவளை)

ஏட்டைப் பற்றி ஒருவரும் பேசாததால் நான் எழுதுகிறேன். மைக்கூடு அவர்களின் வைத்திய ஏடு ஏன் தப்பியது என்பதற்கு விடை, அந்த எழுத்து மையால் எழுதப்படவில்லை என்பதுதான். எழுத்தாணி ஓலையின் மேற்றோலைக் கீறுகிறது. மை பிறகு வருகிறது. கீறி முடித்த ஓலையில் எழுத்து இருப்பது வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தால்தான் தெரியும். கரியைத் தேய்த்துத் துடைத்தவுடன் கீறலுக்குள் தங்கிய கரி மட்டும் எழுத்தாகத் துலங்கும்.

நம்மவர்கள் விளக்குக் கரி, மாவிலைக் கரி, வசம்புக் கரி என்று கைக்கு வந்ததை எண்ணெயிலோ கோவை, ஊமத்தை போன்ற இலைகளின் சாற்றிலோ குழைத்தார்கள், மஞ்சளும் சேர்ப்பதுண்டு. பிள்ளைக்கு ஏடு தொடக்கும்போது இதற்கென மையாடல் என்றே ஒரு சடங்கு இருந்தது. சிங்களக் கிராமங்களில் தாளிப்பனை ஓலையை அவித்து, உலர்த்தி, கமுகந்தடியில் இழுத்து மெருகேற்றி எழுதிய பின், கெடும்ப மரக் கரியைத் தும்மல எண்ணெயில் குழைத்துப் பூசினார்கள். தும்மல என்பது மரப்பிசின். அதிலிருந்து வடித்த எண்ணெய் உலரும்போது கரியைக் கீறலுக்குள் ஒட்டவைக்கிறது. மிச்சத்தை அரிசித் தவிட்டாலோ குரக்கன் மாவாலோ துடைத்தெடுப்பார்கள்.

இரசாயனப்படி பார்த்தால் இங்கே எதுவுமே நடப்பதில்லை, அதுதான் இதன் சிறப்பு. கரி என்பது காபன். சாதாரண வெப்பநிலையில் அது ஒளிக்கும் ஈரத்துக்கும் அசையாது, ஒட்சியேறாது, அமிலம் விடாது. கரியே போய்விட்டாலும் கீறல் இருக்கும், மறுபடி மையிடலாம். ஏட்டின் எதிரி பூச்சியும், ஓலை காய்ந்து முறிவதும்தான். அதற்காகவே புல்லெண்ணெய் தடவுகிறார்கள். இலங்கையின் பங்கிரிப் புல் எண்ணெய் பூச்சியை விரட்டுவதோடு ஓலையையும் சற்று வளைய வைக்கும்.

கொட்டாஞ்சேனைத் தம்பி

அப்படியானால் நம் முன்னோர் கண்ட கரி மைதான் எல்லா வகையிலும் உயர்ந்தது. ஐரோப்பியர் கடதாசியைத் தின்னும் ஒரு திரவத்தைப் பல நூறு ஆண்டுகள் பிடித்துக்கொண்டிருந்தது அறியாமை அல்லவா?

நொத்தாரிசு ஓய்வு (புதுக்கடை)

தம்பி, அவசரப்பட வேண்டாம். புதுக்கடையில் நொத்தாரிசுமாரின் அலுவலகங்களில் எழுதுவினைஞராக வேலை செய்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் சொல்கிறேன்.

ஓலையில் கரி ஒரு பள்ளத்துக்குள் இருக்கிறது. கடதாசியில் அந்தப் பள்ளம் இல்லை. கரி மை தாளின்மேல் பிசினால் ஒட்டிய ஒரு படலம். ஈரப் பஞ்சால் ஒற்றி எடுத்துவிடலாம். பழைய எகிப்திலும் உரோமிலும் பப்பைரசில் எழுதிய கரி மையைக் கழுவிவிட்டு அதே தாளில் மறுபடி எழுதினார்கள். சிக்கனத்துக்கு அது நல்லது. காணி உறுதிக்கு? 'இரண்டு பரப்பு' என்று இருப்பதைக் கழுவிப் 'பன்னிரண்டு பரப்பு' என்று எழுத ஒரு நனைந்த துணி போதுமென்றால் ஊரில் ஒரு வேலியும் நின்ற இடத்தில் நிற்காது. இரும்பு மை நாருக்குள் பிறப்பதால் கழுவினால் போகாது. சுரண்டினால் கடதாசியின் மேற்பரப்பு கிழிந்து வெளிச்சத்தில் காட்டிக்கொடுக்கும். இந்தப் பாதுகாப்பைக் கருதித்தான் பிரித்தானியப் பதிவாளர்கள் தங்கள் பதிவேடுகளுக்கு இரும்பு மையையே கேட்டார்கள். பதிவாளர் மை என்ற பெயரில் அது இன்றும் விற்பனையில் இருக்கிறது. எனவே இதில் அறியாமை எதுவுமில்லை. மோசடியா, கடதாசியின் ஆயுளா என்ற தெரிவில் மோசடியைத் தடுப்பதையே அவர்கள் முதலில் வைத்தார்கள். நான் அந்த நாற்காலியில் இருந்திருந்தாலும் அதையே செய்திருப்பேன்.

எங்கள் மேசையில் இருந்தது நீலக்கறுப்பு மை. புதிய இரும்பு மை வெளிறி இருப்பதால் எழுதுபவருக்குத் தன் எழுத்தே தெரியாது. ஆகவே நீலச் சாயம் ஒன்றைச் சேர்த்தார்கள். எழுதும்போது காண்பது சாயத்தின் நீலம். மறுநாள் காண்பது இரும்பின் கறுப்பு. இலண்டனில் ஹென்றி ஸ்டீபன்ஸ் 1832இல் விற்கத் தொடங்கிய மையும் இப்படி நீலமாக ஓடிக் கறுப்பாக நிலைப்பதற்குத்தான் பெயர் பெற்றது. 1855இல் ஜெர்மனியின் லியோன்ஹார்டி இதே வழியில் மேலும் தெளிவான திரவ மையைச் செய்தார். போத்தலுக்குள் மை முன்கூட்டியே கறுத்து அடியில் படியாமலிருக்க அமிலம் சற்றுக் கூடுதலாகச் சேர்ப்பார்கள். அந்த அமிலம் உருக்கு நிப்பைத் தின்னும். நிப்பின் இரு கால்களும் சில நாள்களில் சொரசொரப்பாகி, கடதாசியின் நாரை இழுத்துக்கொண்டு வரும். இழுத்த நாரில் மை தடித்துச் சொட்டும். உறுதியின் நடுவே அப்படி ஒரு சொட்டு விழுந்தால் முழுத் தாளையும் மறுபடி எழுத வேண்டும். அந்த எரிச்சல் எனக்கு இன்னும் போகவில்லை.

இரசாயன ரீச்சர் (பம்பலப்பிட்டி)

ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். இரும்பு மையை ஐரோப்பாவின் சொத்தாகக் கருதவும் வேண்டாம். இரும்பும் தனினும் சேர்ந்தால் கறுப்பு வரும் என்பது மிகப் பழைய அறிவு. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் பைசாந்தியத்தைச் சேர்ந்த பைலோ, மாசிக்காய் நீரால் கண்ணுக்குத் தெரியாமல் எழுதி உலோக உப்புக் கரைசலைத் தடவி எழுத்தை வெளிக்கொணரும் மறைமொழி உத்தியை விவரித்தார். கி.பி. முதலாம் நூற்றாண்டில் உரோம எழுத்தாளர் பிளினி, செப்புப் பச்சையில் அன்னபேதியைக் கலந்து விற்பவர்களைப் பிடிக்க மாசிக்காய் நீரில் தோய்த்த பப்பைரசைப் பயன்படுத்தச் சொன்னார். கலப்படம் இருந்தால் அது கறுக்கும்.

நம் பக்கத்தில் மாசிக்காயின் இடத்தைக் கடுக்காய் எடுத்துக்கொண்டது. அதன் தோலில் தனின் வகைகள் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு இருக்கும். சோழமண்டலக் கரையின் கலங்காரித் துணிகளில் கறுப்புக் கோடு எப்படி வந்தது? துணியைக் கடுக்காய்ச் சாற்றில் தோய்த்து, இரும்புத் துண்டுகளைக் கருப்பட்டி நீரில் புளிக்கவிட்டு எடுத்த கரைசலால் அதன்மேல் கோடிழுத்தார்கள். அதே தாக்கம், துணிமேல் நடக்கிறது. விளைவும் அதேதான்: இரும்புக் கறுப்பு ஏறிய பழந்துணிகளில் மற்ற நிறங்கள் நன்றாக இருக்க, கறுத்த நூல் மட்டும் முதலில் நைந்து போகும். இதற்கு நாடோ இனமோ காரணம் அன்று.

மைக்கூடு (வெள்ளவத்தை)

எல்லோருக்கும் நன்றி. ஓர் உறவினர், மங்கிய எழுத்தின்மேல் கடுக்காய்ச் சாற்றை மெல்லிய தூரிகையால் தடவினால் கறுப்பு மீளும் என்கிறார். இரும்பு அங்கேயே இருக்கிறதே, புதிய தனின் கிடைத்தால் மறுபடி கறுக்கும் என்பது அவருடைய வாதம். ரீச்சரின் விளக்கத்தோடு அது பொருந்துவதாகத் தோன்றுகிறது. செய்யலாமா?

இரசாயன ரீச்சர் (பம்பலப்பிட்டி)

தயவுசெய்து செய்யாதீர்கள். உறவினரின் இரசாயனம் சரிதான். எழுத்து கறுக்கும், சில நாள்களுக்கு நீங்கள் மகிழ்வீர்கள். 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய நூலகங்களில் இதையே செய்தார்கள். கர்தினால் அஞ்சலோ மாய், வத்திக்கானில் ஒரு தோற்சுவடியில் பின்னைய எழுத்தின் அடியில் மறைந்திருந்த சிசெரோவின் நூல் ஒன்றை 1819இல் கண்டறிந்தபோது, மங்கிய எழுத்தை மாசிக்காய்க் கரைசலால் மீட்டே வாசித்தார். வாசித்தது உண்மை. ஆனால் இத்தகைய கரைசல்கள் பூசிய சுவடிகள் பல, காலம் செல்லச் செல்லப் பக்கம் முழுவதும் கபிலமாகி, பூசாமல் விட்டிருந்தால் தெரிந்திருக்கக்கூடிய எழுத்தையும் இழந்துவிட்டன. எழுத்தில் மட்டும் இரும்பு நிற்பதில்லை. நூற்றாண்டில் அது சுற்றிலும் பரவியிருக்கும். நீங்கள் தடவும் சாறு எழுத்தையும் வெற்றிடத்தையும் ஒன்றாகவே கறுக்க வைக்கும்.

வாசிப்பதற்கு வேறு வழி இருக்கிறது. இரும்பு மை ஊதாக்கடந்த ஒளியை உறிஞ்சிக்கொள்ளும், பழைய கடதாசி அந்த ஒளியில் மெல்ல ஒளிரும். இருட்டறையில் நாணயத்தாள் சோதிக்கும் சிறு விளக்கைக் காட்டினால், மங்கிய கபில எழுத்து கருமையாகத் துலங்கும். படமெடுத்தவுடன் விளக்கை அணைத்துவிடுங்கள். அந்த ஒளியும் கடதாசிக்கு நல்லதன்று. அகச்சிவப்பில் இது தலைகீழ்: இரும்பு மை மறையும், கரி மை கறுப்பாகவே நிற்கும். எது எந்த மை என்று சுவடியியலாளர் பிரித்தறிவது இப்படித்தான்.

கொட்டாஞ்சேனைத் தம்பி

ரீச்சர் கோபிக்கக்கூடாது, நான் ஒரு போத்தல் செய்து பார்த்துவிட்டேன். பழைய ஆவணம் எதையும் தொடவில்லை, புதுக் கடதாசியில்தான். புறக்கோட்டை கெபோஸ் லேன் மருந்துச்சரக்குக் கடையில் கடுக்காயும் அன்னபேதியும் வாங்கினேன். கடைக்காரர் அன்னபேதியின் மேல் படிந்திருந்த துருநிறப் பொடியைத் தட்டிவிட்டு, உள்ளே இருந்த இளம்பச்சைக் கட்டிகளை மட்டும் நிறுத்துத் தந்தார். கொட்டையை நீக்கிய கடுக்காய்த் தோலை இடித்து மழைநீரில் ஊறவைத்து, மெல்லிய சீலையில் இருமுறை வடித்தேன். மூன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் அன்னபேதியைப் போட்டவுடன் மஞ்சட்கபிலச் சாறு கண்முன்னே கருநீலமானது. அரபுப் பிசினுக்குப் பதிலாக விளாம்பிசின் சேர்த்தேன். இங்கே சுவரோவியம் தீட்டியவர்களும் நிறத்துக்கு அதைத்தான் கலந்தார்களாம்.

தொட்டெழுதும் பேனையால் எழுதியபோது கோடு நரைத்த ஊதாவாக, ஏமாற்றமளிக்கும் அளவுக்கு மெலிந்திருந்தது. தேநீர் குடித்துவிட்டு வந்து பார்க்கையில் ஓரங்கள் கறுக்கத் தொடங்கியிருந்தன. மறுநாள் காலையில் கோடு முழுக் கறுப்பு. குழாயடியில் பிடித்தும் போகவில்லை. ஆனால் சில நாள்களில் போத்தலின் மேற்பரப்பில் வெண்பூஞ்சணம் பிடித்துவிட்டது. இதற்கு அக்காலத்தில் என்ன செய்தார்கள்? இதை என் பவுன்ரன் பேனையில் ஊற்றலாமா?

இரசாயன ரீச்சர் (பம்பலப்பிட்டி)

ஏன் கோபிக்க வேண்டும்? வகுப்பில் செய்திருந்தால் முழுப் புள்ளி தந்திருப்பேன். துருநிறப் பொடியைத் தட்டிவிட்ட கடைக்காரருக்கும் சேர்த்து. அது வளியில் ஒட்சியேறிப் பழுதான பகுதி. பூஞ்சணத்துக்குப் பழைய செய்முறைகளில் கிராம்போ வினாகிரியோ சேர்ப்பார்கள். கிராம்பிலுள்ள இயூஜெனோல் பூஞ்சணத்தை அடக்கும். பவுன்ரன் பேனையில் ஒருபோதும் ஊற்ற வேண்டாம். வீட்டு மையில் வீழ்படிவுத் துகள்கள் எப்போதும் உண்டு. அவை பேனையின் நாக்கில் அடைத்தால் எடுக்க முடியாது. மாணவர்களுக்குக் காட்ட எளிய வழி வேண்டுமானால், துருப்பிடித்த ஆணிகளை வினாகிரியில் ஊறவிட்டு, கடும் சாயத் தேயிலை நீரில் அந்தத் திரவத்தைச் சொட்டுங்கள். சாப்பாட்டோடு தேநீர் குடித்தால் இரும்புச்சத்து உடலில் குறைவாகவே சேரும் என்று வைத்தியர்கள் சொல்வதும் இந்தப் பிணைப்பை வைத்துத்தான்.

தோம்புவாசகன் (நாரஹேன்பிட்டி)

மைக்கூடு அவர்களின் கடைசிக் கேள்விக்கு, அதாவது தடுக்க முடியுமா என்பதற்கு, இன்னும் விடை வரவில்லை.

முதலில் எல்லாக் கொப்பியும் இரும்பு மைதான் என்று எண்ணிவிடாதீர்கள். 1856இல் பேர்கின் செயற்கைச் சாயத்தைக் கண்ட பிறகு அனிலீன் சாய மைகள் மலிந்தன. பாடசாலைகளில் நீரில் கரைத்த மைத்தூளும் அழியாப் பென்சிலும் அந்த வகை. அவை கடதாசியை அரிக்காது. ஆனால் வெயிலில் வெளிறும், ஒரு துளி நீர் பட்டால் ஊதாவாகக் கசியும். ஊதா, பளிச்சென்ற நீலம், சிவப்பு ஆகிய நிறங்களை ஈரத்திலிருந்து காப்பாற்றுங்கள். கபிலத்தை ஈரத்திலிருந்தும் கையிலிருந்தும் காப்பாற்றுங்கள்.

இரும்பு மைக்கு 1990களில் நெதர்லாந்தில் யோஹான் நேவல் ஒரு சிகிச்சையைக் கண்டார். தானியத் தவிட்டிலும் விதைகளிலும் இயற்கையாக இருக்கும் பைற்றிக்கமிலம் இரும்பை இறுகப் பற்றும். அதன் கல்சிய உப்பில் தாளைத் தோய்த்தால் அலைந்து திரியும் பெரசு இரும்பு கட்டுண்டு ஊக்கித் தொழிலை நிறுத்துகிறது; பின்னர் கல்சியம் இருகாபனேற்றுக் கரைசல் அமிலத்தை நடுநிலையாக்குகிறது. இரண்டும் வேண்டும்; ஒன்று மட்டும் போதாது. பெரசு இரும்பு இருக்கிறதா என்று முதலில் ஒரு சோதனைத் தாளை நனைத்து ஒற்றிப் பார்ப்பார்கள். இருந்தால் அது இளஞ்சிவப்பாகும். பயிற்சி பெற்ற பேணுநர் செய்ய வேண்டிய வேலை இது. வீட்டில் தாளை நனைத்தால், கட்டுப்படாத இரும்பு நீரோடு நகர்ந்து வெற்றிடங்களையும் அரிக்கத் தொடங்கும். தவிட்டைக் கடதாசியில் தேய்க்கலாமா என்று யாரும் கேட்கமாட்டீர்கள் என நம்புகிறேன்.

கொழும்பில் உங்கள் கையில் இருக்கும் மருந்து உலர்வுதான். சாரீரப்பதன், அதாவது வளியின் ஈர அளவு, 80 சதவீதத்தைத் தாண்டும்போது பெரசு அயன்கள் எழுத்தைவிட்டு வெளியே நகரத் தொடங்குகின்றன. வெள்ளவத்தையில் கடற்பக்க அறையில், மழைக்காலத்தில் மட்டுமன்றி பல இரவுகளில் அந்த அளவு வந்துவிடும். வெளிச்சுவரை ஒட்டிய அலுமாரியிலிருந்து எடுத்துவிடுங்கள். ஒவ்வொரு தாளுக்கும் இடையே அமிலமற்ற மெல்லிய தாளை வைத்து, மூடிய தட்டையான பெட்டியில், ஈரமுறிஞ்சும் சிலிக்கா ஜெல் பைகளோடு வையுங்கள். அந்தப் பைகளை அவ்வப்போது காயவைத்துப் போடுங்கள். பகலில் குளிரூட்டி, இரவில் அணைப்பு என்ற ஏற்ற இறக்கம் நிலையான ஈரத்தைவிடக் கெடுதல். உறுதியை மடிக்கவும் வேண்டாம், மடித்திருப்பதைப் பலவந்தமாக விரிக்கவும் வேண்டாம்; வெடிப்பு எழுத்தின்மேல்தான் விழும்.

மைக்கூடு (வெள்ளவத்தை)

மிகவும் பயனுள்ளது. ஒரு கடையில் உறுதிகளை லமினேற் செய்து தருவதாகச் சொன்னார்கள். உதிர்வது நின்றுவிடும் அல்லவா?

நொத்தாரிசு ஓய்வு (புதுக்கடை)

வேண்டவே வேண்டாம். வெப்பத்தில் பிளாத்திக்குத் தாள் எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும், அமிலம் உள்ளேயே அடைபடும், பிறகு எந்தப் பேணுநராலும் அதைப் பிரிக்க முடியாது. என்னிடம் வந்த ஒருவரின் உறுதி அப்படித்தான் இரண்டு பிளாத்திக்குத் தாளுக்கு நடுவே கபிலத் தூளாகிக் கிடந்தது.

சட்டப் பக்கத்தில் பதறவும் தேவையில்லை. 1907ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க நொத்தாரிசுக் கட்டளைச் சட்டத்தின்படி, உறுதியின் இரண்டாம் பிரதியை நொத்தாரிசு காணிப் பதிவகத்துக்கு அனுப்ப வேண்டும். இன்னொன்று அவருடைய கோவையில் இருக்கும். உங்கள் தாளிலுள்ள இலக்கம், திகதி, நொத்தாரிசின் பெயர் ஆகிய மூன்றும் இன்னும் வாசிக்கத் தெரியும்போதே குறித்துக்கொண்டு, காணி எந்தப் பதிவகத்துக்கு உட்பட்டதோ அங்கே சென்று அத்தாட்சிப்படுத்திய பிரதிக்கு விண்ணப்பியுங்கள். கையொப்பத்தின் அடிக்கோடு உதிர்கிறது என்றீர்கள். இலக்கம் வழக்கமாக முதற் பக்கத்தின் தலையில் தடித்த எழுத்தில் இருக்கும், அதை முதலில் பாருங்கள்.